வீடு பார்க்க வந்த டீச்சர்

1. பச்சைத் தண்ணீர்

என்னை ஊரில் எல்லோரும் டீச்சர் என்பார்கள். நான் ஒரு நாள்கூடப் பாடம் நடத்தியதில்லை. கோவில்பட்டியை ஒட்டியிருக்கும் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியின் ஆபீசில் அட்மிஷன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பள்ளிக்கூட கேட்டுக்குள் சேலை கட்டிக்கொண்டு போகிற பெண் எல்லாம் டீச்சர்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். முதலில் திருத்திப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

அட்மிஷன் வேலையைப் பற்றிப் புதிதாக வருகிறவர்கள் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. விண்ணப்பம் கொடுப்பது, டி.சி., மார்க் ஷீட், ஆதார் நகல் சரிபார்ப்பது, மே மாத வெயிலில் வரிசையில் நின்று எரிச்சலோடு வருகிறவர்களிடம் எரிச்சல் இல்லாமல் பேசுவது. கொஞ்ச நாளில் கை வந்துவிடும். கை வராத வேலை ஒன்று உண்டு. அது கன்செஷன்.

ஃபீஸ் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு எங்கள் பள்ளி தன் நிதியிலிருந்து சலுகை கொடுக்கும். விண்ணப்பத்தோடு வருமானச் சான்றிதழ் வைத்தால் மட்டும் போதாது. பள்ளியிலிருந்து ஒருவர் நேரில் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு ஹவுஸ் விசிட் என்று பெயர். மனுசன் பொய் சொல்வான், வீடு பொய் சொல்லாது என்பது எங்கள் தாளாளரின் கொள்கை. அந்த வேலையை அவர் என் தலையில் கட்டினார். முதல் நாள் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"போற வீட்டுல பச்சத்தண்ணி குடிக்கக் கூடாது, பாத்துக்கோங்க. ஒரு வாய் குடிச்சிட்டா அப்புறம் பேனா நேரா ஓடாது. கண்ணால பாத்தத மட்டும் எழுதுங்க. காதால கேட்டத எழுத வேண்டாம்."

இரண்டையும் கடைசி வரை கடைப்பிடித்தேன். பையில் எப்போதும் என் தண்ணீர் பாட்டில் இருக்கும். எத்தனையோ வீடுகளுக்குள் போய் உட்கார்ந்து, அடுப்படி வரை எட்டிப் பார்த்து, வாய் நனைக்காமல் திரும்பியிருக்கிறேன். அது ஒரு பெரிய காரியம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

2. பந்தியில் பக்கத்து இலை

இந்த வேலையில் எனக்குத் தெரியாத தெரு கிடையாது. சும்மா நின்று பேச ஆள்தான் கிடையாது.

கழுகுமலையில் தூரத்து உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்தேன். சாம்பார் வருவதற்குள் வலது பக்கத்து இலைக்காரர் குனிந்து, "யக்கா, எல்கேஜிக்கு ஒரு சீட்டு. நீங்க மனசு வச்சா முடியும்" என்று தொடங்கிவிட்டார். இடது பக்கம் உட்கார்ந்திருந்த பெண் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் தங்கை பிள்ளைக்குக் கன்செஷன் கிடைக்காத வருடம் அது. இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து எதிர் வரிசைக்குப் போய்விட்டார். பாயசத்துக்கு நான் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு கல்யாணங்களுக்குப் போவதைக் குறைத்தேன். பத்திரிகை வருவதும் தானாகக் குறைந்தது. எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அம்மா இருந்தவரை அம்மாவோடு இருந்தேன். அம்மா போனபின் ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்ன வீட்டில் தனியாக. சாயந்திரம் பூட்டைத் திறந்து உள்ளே போனால், காலையில் காப்பி குடித்துவிட்டு வைத்த தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அழுகையெல்லாம் வராது. ஆனால் அந்தத் தம்ளரைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. வந்ததும் முதல் வேலையாக அதைக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன்.

3. சோபா, ஃபேன், மிக்ஸி, பைக்

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னால், ஒரு மே மாதம், முருகேஸ்வரி என்ற பெண் தன் மகள் காளீஸ்வரியோடு கவுண்டருக்கு வந்தார். முருகேஸ்வரி தீப்பெட்டி ஆபீசில் பண்டல் போடுகிறவர். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டிக் கம்பெனி என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். கணவருக்கு ஆட்டுக் கிடை. மேய்ச்சல் தேடி ஆடு போகிற ஊருக்கெல்லாம் அவரும் போவார். மகள் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் பத்து முடித்திருந்தாள். நல்ல மார்க். அந்தப் பள்ளியில் பத்துக்கு மேல் இல்லை. மேலே படிக்க டவுனுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

"டீச்சர், உங்க வேன் எங்க ஊரு வாசலுக்கு வருமா?" என்றார் முருகேஸ்வரி.

"வரும்."

"அப்பச் சரி. வேன் வந்தாப் படிக்கட்டும், இல்லேன்னா ஆட்டோட வரட்டும்னுட்டாவ இவ அப்பா. பஸ்ஸு மாறிப் போக விட மாட்டாவளாம். ஃபீஸுக்குத்தான் என்னமாவது பாத்துச் செய்யணும்."

காளீஸ்வரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பயாலஜி குரூப் கிடைக்குமா மிஸ்?"

"மார்க் இருக்கு, கிடைக்கும். கன்செஷனுக்கு எழுதிக் குடுங்க. ஒரு நாள் வீடு பாக்க வருவேன்" என்றேன்.

முருகேஸ்வரியின் முகம் மாறியது. "வீடு பாக்கவா? என்னைக்கு டீச்சர்?" அவர் வேலைக்கு லீவு சொல்ல வேண்டியிருந்ததால் எந்த நாள் என்று முன்கூட்டியே சொன்னேன்.

அந்த நாளில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கரிசல் காட்டு வழியாக நடந்தேன். பருத்தி எடுத்து முடிந்த காடு, கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. குடை பிடித்தும் தலை காய்ந்தது. வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை, வாசலில் ஐந்தாறு பெண்கள் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு புது பைக். பூசை போட்ட மாலை ஹாண்டில்பாரில் காய்ந்து தொங்கியது.

உள்ளே ஒரே அறை. பாதி அறையை ஒரு சோபா அடைத்திருந்தது. கடையில் போட்ட பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை. ஒரு ஸ்டாண்ட் ஃபேன் சுற்றியது. அதன் ஒயர் ஜன்னல் வழியாக வெளியே போய், சந்துக்கு மேலாகப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் நுழைந்தது. ஒரு மிக்ஸி மேல் புதுத் துண்டு போர்த்தியிருந்தது.

"வாங்க டீச்சர், நல்லாச் சாஞ்சு உக்காருங்க" என்று வரவேற்றது முருகேஸ்வரி இல்லை, பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள். வீட்டுக்காரி தன் வீட்டுக்கே விருந்தாளி போல ஓரமாக நின்றார்.

தட்டில் ஆரஞ்சு கலரில் குளிர்பானம் மூன்று தம்ளர் வந்தது. எங்கள் ஊரில் பாத்திரத்தில் பேர் வெட்டாமல் யாரும் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். ஒரு தம்ளரில் பேச்சியம்மாள் என்று இருந்தது. அடுத்ததில் செல்லத்தாய். மூன்றாவது ஏதோ புதுமனை புகுவிழாவில் கொடுத்தது. முருகேஸ்வரி பேர் போட்ட தம்ளரை மட்டும் காணோம்.

"இதெல்லாம் உங்க சாமானா?" என்று கேட்டேன்.

"எல்லாம் நம்மளதுதான் டீச்சர்" என்றார் முருகேஸ்வரி. வாசலில் நின்ற அத்தனை பேரும் ஒன்றாகத் தலையை ஆட்டினார்கள்.

எனக்கு விளங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வரும்போது எங்கள் பக்கத்தில் தெருவே சேர்ந்து அந்த வீட்டை ஜோடித்துக் கொடுக்கும். யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை, மரியாதை என்றுதான் நினைப்பார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் முருகேஸ்வரியும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார். பெரிய பள்ளிக்கூடம், நம் வீடு அதற்கு லாயக்கா என்று பார்க்க வருகிறார்கள் என்று.

என் மடியில் இருந்த தாளில் சோபா, மிக்ஸி, இருசக்கர வாகனம் என்று வரிசையாகக் கட்டம் இருந்தது. கண்ணால் பார்த்ததை எழுது என்பது விதி. எழுதினால் கன்செஷன் கிடையாது. பிள்ளை ஆட்டோடு போக வேண்டியதுதான். 'நீங்க இல்லாதவங்கன்னு காட்டுனாத்தான் ஃபீஸ் குறையும்' என்று ஊர்ப் பெண்கள் முன்னால் அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை, ஆனாலும் பேனா ஓடவில்லை.

4. ஒவ்வொன்றாக

நான் தந்திரம் எதுவும் செய்யவில்லை. மத்தியான பஸ் வரவில்லை, அவ்வளவுதான். அடுத்தது பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான். வெளியே வெயில் நிற்க விடவில்லை. உட்கார்ந்திருந்தேன்.

முதலில் பைக் போயிற்று. ஒரு இளைஞர் வந்து தலையைச் சொறிந்தார். "டீச்சர், ஒரு சின்ன சோலி. இந்தா வந்துருதேன்." அவர் வரவில்லை.

அடுத்து பேச்சியம்மாள். "பேரப்பய புழுக்கத்துல உறங்க மாட்டேங்கான் டீச்சர். செத்த நேரம் இந்த ஃபேன கொண்டு போயிட்டு வாரேன்." ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனார். அப்புறம் செல்லத்தாய் வந்து மிக்ஸியை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே நடந்தார். ராத்திரிக்குத் துவையல் அரைக்க வேண்டும் போல.

கடைசியில் இரண்டு ஆண்கள் வாசலில் நின்று ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டார்கள். "நீ சொல்லுடே." "நீ சொல்லு." பிறகு ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"டீச்சர், தப்பா நினைக்கப்படாது. மருமவன் வாராரு. கொஞ்சம் எந்திரிக்கீங்களா?"

எழுந்தேன். சோபா தலைகீழாகக் கதவு வழியே வெளியேறியது. அறை பெரிதாகிவிட்டது. ஒரு பாய், ஒரு தகரப் பெட்டி, ஓரமாகக் காளீஸ்வரியின் புத்தகங்கள், ஒரு பெரிய பித்தளை அண்டா. முருகேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்காமல் கண்ணீராக வந்தது. காளீஸ்வரி புத்தகங்களின் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள்.

பாயில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். "எல்லாம் நம்மளதுன்னு சொன்னீங்களே?"

"பின்ன? அவிய சாமான் நம்ம சாமான் இல்லையா? நாளைக்கு அவிய வீட்டுல ஒரு விசேஷம்னா எங்க அண்டாதானே போவுது. அப்ப அவிய என்ன சொல்லுவாவ? எங்களுதுன்னுதான் சொல்லுவாவ."

அப்போதுதான் அவருக்கு ஹவுஸ் விசிட் என்றால் என்ன என்று சொன்னேன். கேட்டு முடித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏட்டி காளி, இத முன்னமே சொல்லியிருந்தா சோபாவத் தூக்குன கூலி மிச்சமாயிருக்குமே" என்று மகளிடம் சொன்னார். பிறகு உள் மூலைக்குப் போய் ஒரு தம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினார்.

"இது என் தம்ளரு டீச்சர். இரவல் இல்ல."

முருகேஸ்வரி என்று பேர் வெட்டியிருந்தது. வேண்டாம் என்றேன். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை.

"ஆடு மேய்க்கிற வீடுன்னுதானே வேண்டாங்கீய?"

எனக்கு உடம்பு கூசிவிட்டது. "ஐயோ, அப்படி இல்லம்மா. நான் போற எந்த வீட்டுலயும் குடிக்கறதில்ல. அது ஆபீஸ் ரூலு."

"எந்த வீட்டுலயுமா? இத்தன வருஷமாவா?" தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். "அப்ப தாகத்துக்கு?"

"பாட்டில் இருக்கு."

"அது உங்க வீட்டுத் தண்ணிதானே?"

கோபமாகச் சொல்லவில்லை. ஒன்றுமில்லாத வீட்டில் பாயில் உட்கார்ந்துகொண்டு, அந்த அம்மாள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். புறப்படும்போது, "இந்த வேலைய விட்டப்புறமாவது எங்க வீட்டுத் தண்ணி குடிப்பீயளா?" என்றார். குடிக்கிறேன் என்றேன். பஸ்ஸில் வரும்போது தாளை எடுத்துக் கட்டங்களை நிரப்பினேன். நான் புறப்பட்டபோது அந்த வீட்டில் என்ன இருந்ததோ அதை மட்டும் எழுதினேன்.

5. தாளாளர் அறை

தாளாளர் தாளை இரண்டு முறை படித்தார். "ஒண்ணுமே இல்லன்னு எழுதியிருக்கீங்க. அன்னைக்கு அந்தப் பக்கம் போன நம்ம வேன் டிரைவர் அந்த வாசல்ல புது பைக் நின்னுச்சுன்னு சொல்லுதாரே?"

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இரவல் குடுக்க ஊரே வந்து நிக்கிற வீடு. அந்த வீட்டுக்கு நாம எதுக்குக் குடுக்கணும்? ஊரு குடுக்கட்டுமே."

"சோபா எங்கயோ ஒரு வீட்டுல இருக்கு, தூக்கிக் குடுத்துட்டாங்க சார். ஃபீஸ் அந்த ஊருல எந்த வீட்டுலயும் இல்ல. இரவல் கேட்டாலும் யாரு குடுப்பா?"

அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அது ஒன்றுதான். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டார். முழுச் சலுகை, வேன் காசு மட்டும் அவர்கள் கட்ட வேண்டும்.

காளீஸ்வரி சேர்ந்தாள். கன்செஷன் பிள்ளைகள் யார் என்று மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அவர்களிடம் நான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வராந்தாவில் எதிரே வந்தால் "குட் மார்னிங் மிஸ்" என்பாள். நான் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவேன். அவள் வீட்டுப் பாயில் உட்கார்ந்தவள் நான் என்பதை அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் இருவரும் காட்டிக்கொள்ளவில்லை. அவளுக்கு அது எளிதாக இருந்திருக்கும். எனக்குச் சில நாள் கஷ்டமாக இருந்தது.

6. இரண்டு நாற்காலி

அவள் பன்னிரண்டு எழுதிய வருடம் நான் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மே மாதம் வந்தது. மே மாதத்தில் என் போன் ஓயாமல் அடிக்கும். அடிக்கும்போது அவ்வளவு திட்டியிருக்கிறேன். அந்த மே மாதம் அது கிடந்த இடத்தில் கிடந்தது. கெட்டுவிட்டதோ என்று எடுத்து எடுத்துப் பார்த்தேன். கெடவில்லை. சீட்டு கொடுக்க முடியாதவளுக்கு யார் போன் செய்வார்கள்?

ஒரு நாள் அடித்தது. முருகேஸ்வரி.

"டீச்சர், காளிக்கு நர்சிங்குல இடம் கிடைச்சிருக்கு. நாளைக்கு டவுனுக்கு வாரோம். உங்க வீடு பாக்க வரலாமா?"

வாங்க என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். பிறகுதான் என் வீட்டை, போகிற வீட்டை எல்லாம் பார்ப்பது போல ஒரு சுற்றுப் பார்த்தேன். ஒரு நாற்காலி. வெளியே எடுத்து வைத்த ஒரு தம்ளர், ஒரு தட்டு. மற்றதை எல்லாம் அம்மா போனபோது கட்டி மேலே போட்டுவிட்டேன். இரண்டு பேர் வந்தால் உட்கார வைக்க வழியில்லை.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். வருடக்கணக்காகப் பக்கத்தில் இருக்கிறார்கள். அந்த வீட்டுக் குக்கர் சத்தம் எனக்குத் தெரியும், அந்த அம்மாளின் பேர் தெரியாது. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"என்ன டீச்சர், உடம்புக்கு ஏதும் செய்யுதா?"

"இல்லம்மா. வீட்டுக்கு ரெண்டு பேரு வாராங்க. நாற்காலி வேணும்."

இதைக் கேட்டு முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று எத்தனையோ பேர் என்னிடம் கேட்டதைக் கேட்டிருக்கிறேன். நான் ஒருவரிடம் போய்க் கேட்டது அன்றைக்குத்தான். அந்த அம்மாள் இரண்டு நாற்காலியைத் தாமே தூக்கி வந்தார். கேட்காமலே இரண்டு தம்ளரும் ஒரு தட்டு நிறையக் கடலைமிட்டாயும் கொண்டு வந்து வைத்தார். "விருந்தாளி வருத வீட்டுல இது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முருகேஸ்வரியும் காளீஸ்வரியும் வந்தார்கள். காளீஸ்வரி இப்போது என்னைவிட உயரம். நான் காப்பி கொடுத்தேன். முருகேஸ்வரி தம்ளரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"ராஜலட்சுமியா? இது யாரு டீச்சர்?"

பக்கத்து வீட்டு அம்மாளின் பேரை நானும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

"எல்லாம் நம்மளதுதான்" என்றேன்.

முருகேஸ்வரி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அன்றைக்குப் போலவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். காளீஸ்வரியும் சிரித்தாள். முருகேஸ்வரி பையிலிருந்து ஒரு பாட்டிலையும் பேர் வெட்டிய தன் தம்ளரையும் எடுத்தார். அவர்கள் வீட்டுத் தண்ணீர். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வந்திருக்கிறார். கரிசல் கிணற்றுத் தண்ணீர், உப்புக் கரித்தது. முழுவதையும் குடித்தேன்.

அட்மிஷன் ஆபீசில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். விதியை மீறச் சொல்ல மாட்டேன். விசிட் போன இடத்தில் குடிக்காதீர்கள். ஆனால் வேலை முடிந்து வந்தபின், உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது போய் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். ஓய்வு பெறும் வரை தள்ளிப் போடாதீர்கள். அவசரத்துக்கு ஒரு நாற்காலி கேட்கவாவது ஒரு வீடு வேண்டும்.

அன்றைக்கு அவர்கள் பஸ் ஏறிப் போனபின் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். நான் முருகேஸ்வரி வீட்டுக்குப் போன நாளில் பொழுது சாய்வதற்குள் ஒவ்வொருவராக வந்து சாமானைக் கேட்டுவிட்டார்கள். இங்கே யாரும் வரவில்லை. நாற்காலிகளை நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம், நாலு எட்டு வைத்தால் அந்த வீடு. கொடுக்கவில்லை. அவை இங்கே இருந்தால் ராஜலட்சுமி ஒரு நாள் வந்துதானே ஆக வேண்டும்.

இதை எழுதும்போதும் இரண்டும் எனக்கு எதிரேதான் கிடக்கின்றன. தம்ளர்களைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். அவர் வந்தால், முதலில் உட்காரச் சொல்ல வேண்டும்.